நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு தட்டுகளின் பணி நிரந்தரம்

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் தட்டுக்காரர் நாற்காலியில் அமர்வதில்லை. பை தோளில் தொங்க, நின்றபடியே, கணினித் திரையின் வலது மேல் மூலையில் இருக்கும் ஓர் எண்ணைப் பார்ப்பார். அது எப்போதும் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே இருக்கும். பார்த்ததும் மனைவியைத் தொலைபேசியில் அழைத்து அதைச் சொல்வார். அதன் பிறகே பை இறங்கும். ஒன்பது ஆண்டுகளில், காய்ச்சலில் கிடந்த நான்கு நாள்களைத் தவிர, இந்த ஒழுங்கு பிசகியதில்லை.

"பாயின்ட் ஆறு எட்டு."

"நேத்து?"

"பாயின்ட் ஆறு ஏழு."

"அடேங்கப்பா! நடந்துபோற நத்தை திரும்பிப் பார்த்துச் சிரிக்குமே!" என்பார் மனைவி. அவர் தையல்கடை வைத்திருந்தார். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே தெளிவாகப் பேசுவதில் வல்லவர்.

அந்த எண்ணின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். குழைத்த களிமண்ணிலும் சுவருக்குப் பூசும் வண்ணத்திலும் கண்ணுக்குத் தெரியாத வட்டத் தட்டுகள் நீரில் மிதக்கின்றன. இடம் தாராளமாக இருந்தால் ஒவ்வொரு தட்டும் தன் மனம்போன பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும். இடத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில், யாரும் ஆணையிடாமலே எல்லாம் ஒரே பக்கம் திரும்பத் தொடங்கும். இன்னும் பொறுமையாகக் குறைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பொத்தான்களைப்போலத் தூண் தூணாக நிற்கும். இப்படி ஓர் இருப்பிலிருந்து மற்றோர் இருப்புக்குத் தாவுவதற்கு நிலைமாற்றம் என்று பெயர். எத்தனை தட்டுகள் ஒரே பக்கம் பார்க்கின்றன என்பதைச் சொல்வதுதான் மூலையில் இருந்த எண். பூஜ்யம் என்றால் ஆளுக்கொரு திசை. ஒன்று என்றால் எல்லாருக்கும் ஒரே திசை.

இதையெல்லாம் நம்மவர் கணினிக்குள் செய்துபார்த்தார். எண்களால் ஆன ஒரு பெட்டி. அதற்குள் எண்களால் ஆன நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு தட்டுகள். அதனால்தான் அந்த ஆய்வு நிறுவனத்தில் வாசற்காவலர் முதல் இயக்குநர் வரை எல்லாரும் அவரைத் தட்டுக்காரர் என்றே அழைத்தனர். ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிகமாக இருப்பவருக்கு நிரந்தரமாகக் கிடைத்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

நிறுவனத்தின் விதி எளியது. பத்தாம் ஆண்டு முடிவதற்குள் நிரந்தரம் ஆகாத தற்காலிக ஊழியர் வெளியேற வேண்டும். தற்காலிகத்திலிருந்து நிரந்தரத்துக்கு ஏறுவதை நிர்வாகப் பிரிவும் நிலைமாற்றம் என்றே எழுதிவந்தது. தமிழில் சொற்பஞ்சம் இல்லை, அலுவலகங்களில் உண்டு.

பத்தாம் ஆண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போது தட்டுக்காரர் இரண்டு தாள்கட்டுகளை ஒரே உறையில் இட்டு நிர்வாகப் பிரிவில் கொடுத்தார். ஒன்று, அறுபத்திரண்டு பக்க ஆய்வறிக்கை: 'நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு தட்டுகளின் நிலைமாற்றம்.' மற்றொன்று, ஒரு பக்க விண்ணப்பம்: 'ஒன்பது ஆண்டுகளாக எவ்வித நிலைமாற்றமும் அடையாத ஒருவர் குறித்து.' இரண்டாவது தலைப்பில் சற்றுக் குறும்பு செய்துவிட்டார். வாழ்க்கையில் அவர் செய்த ஒரே குறும்பு அது.

உறையைப் பிரித்தவர் கோப்பம்மா. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கோப்புகளுக்கு நடுவே இருந்தவர். முதல் வரியைப் பார்த்தே தாளின் தலையெழுத்தைச் சொல்லிவிடுவார் என்று பெயர் வாங்கியவர். ஆகவே இரண்டாவது வரிக்கு அவர் போவதில்லை. நாலாயிரம் பேருக்கு நிலைமாற்றம் கேட்ட தாள் ஊழியர் கோப்புக்குப் போயிற்று. எதுவும் மாறாததை உற்றுநோக்கி எழுதிய தாள் ஆய்வு மதிப்பீட்டுக் குழுவுக்குப் போயிற்று.

வற்றிய குளத்து ஆமையொன்று தண்ணீர் வேண்டி நாரையிடம் மனுக் கொடுத்ததாம். நாரை 'குளம்' என்ற சொல்லைக் கண்டதும் மனுவை மீன்களின் கோப்பில் சேர்த்ததாம். மறுநாள் மீன்கள் அனைத்துக்கும் நேரில் வருமாறு அழைப்புப் போயிற்றாம். ஆமைக்கு மட்டும் பதிலே வரவில்லையாம். இந்தக் கதையைக் கேட்ட குழந்தைகள் மீன்களுக்காக வருந்துவார்கள். நம் கதை ஆமையைப் பற்றியது.

பத்தாம் நாள் தட்டுக்காரருக்கு ஒரு குறிப்பாணை வந்தது. மேற்படி நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பேரின் பிறந்த நாள், கல்வித் தகுதி, பணிமூப்பு, வருகை ஒழுங்கு ஆகியவற்றை ஒரு வாரத்துக்குள் தெரிவிக்குமாறு கேட்டிருந்தது. அவர் படிகளில் இரண்டிரண்டாக ஏறி நிர்வாகப் பிரிவுக்கு ஓடினார்.

"அம்மா, இது ஆளுங்க இல்லம்மா. தட்டு."

"தட்டுன்னா? சாப்பிடுற தட்டா?"

"இல்லம்மா. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற தட்டு."

"கம்ப்யூட்டர் எங்க இருக்கு?"

"என் அறையில."

"அப்ப நம்ம வளாகத்துக்குள்ளதானே இருக்காங்க?"

"இருக்காங்க இல்லம்மா, இருக்கு! அதுக்கெல்லாம் உயிரே கிடையாது."

கோப்பம்மா மூக்குக்கண்ணாடியைச் சற்று இறக்கி, அதற்கு மேலாக அவரைப் பார்த்தார். "சார், இந்த மாடியில இருபத்திரண்டு வருஷமா உக்காந்திருக்கேன். உயிர் இருக்கா இல்லையான்னு கேக்கிற கட்டம் எந்தப் படிவத்துலயும் நான் பார்த்ததில்ல."

"அப்ப மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"நல்லா இருக்கே! நாலாயிரத்துச் சொச்சம் பேரோட மனுவை நீங்க ஒருத்தர் எப்படி வாங்குவீங்க? ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போடணும். போங்க சார், கேட்டதுக்குப் பதில் எழுதிக் குடுங்க. பதில் போய்ச் சேர்ந்தா அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

தட்டுக்காரர் பொய் எழுதத் தெரியாதவர். கேட்டவற்றுக்கெல்லாம் உள்ளது உள்ளபடி பதில் எழுதினார். அதைவிட ஆபத்தான காரியத்தை அவர் செய்திருக்க முடியாது. நிர்வாக அதிகாரி, மனுக்களை நிராகரித்து நிராகரித்தே வலது தோள் சற்றுச் சரிந்துபோனவர், அந்தப் பதிலைப் படித்து உருகிவிட்டார். கோப்பில் அவர் எழுதிய குறிப்பு இன்றும் அந்நிறுவனத்தில் புதிதாகச் சேருவோருக்குப் பாடமாக வைக்கப்பட்டிருக்கிறது:

'விண்ணப்பதாரர் அனைவரும் ஒரே நொடியில் பிறந்தவர்கள். ஒருவருக்கும் மற்றவருக்கும் எள்ளளவு வேறுபாடும் இல்லை. பெட்டியின் வலப்புறச் சுவர் வழியாக வெளியேறுபவர் அதே கணத்தில் இடப்புறச் சுவர் வழியாக உள்ளே வந்துவிடுகிறார்; எனவே வருகைக் குறைவு என்ற பேச்சுக்கே இடமில்லை. நகர விரும்புபவர் முறைப்படி கோருகிறார். கோரிய இடத்தில் வேறொருவர் இருப்பின் கோரிக்கை தள்ளுபடி ஆகிறது. தள்ளுபடி ஆனவர் முணுமுணுக்காமல் பழைய இடத்திலேயே இருந்து மீண்டும் கோருகிறார். நொடிக்கு ஐந்து லட்சம் கோரிக்கைகள். இதுநாள்வரை மேல்முறையீடு ஒன்றுகூட இல்லை. இப்படிப்பட்ட ஊழியர்களைத்தான் இந்நிறுவனம் தோன்றிய நாள் முதல் தேடிவருகிறது.'

பதினைந்தாம் நாள் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு தட்டுகளும் பணி நிரந்தரம் செய்யப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பணிப்பதிவேடு திறக்கப்பட்டது. புகைப்படம் ஒட்டும் இடத்தில் ஒரு வட்டம் வரையப்பட்டது. அதே தபாலில் தட்டுக்காரரின் விண்ணப்பம் ஆய்வு மதிப்பீட்டுக் குழுவிலிருந்து திரும்பி வந்தது. குழு கீழ்க்கண்ட காரணங்களால் அதனை ஏற்கவில்லை: எடுத்துக்கொண்ட மாதிரி ஒன்றே ஒன்று, எனவே போதாது. ஒன்பது ஆண்டு உற்றுநோக்கியும் மாற்றம் எதுவும் காணப்படவில்லை. எனவே ஆய்வுப் பொருளே தகுதியற்றது. வேறு பொருளைத் தேர்ந்துகொள்ளலாம்.

அன்று மாலை மனைவி தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு தாள்களையும் படித்தார்.

"ஏங்க, அதுங்க எல்லாத்துக்கும் நிரந்தரமா?"

"எல்லாத்துக்கும்."

"உங்களுக்கு?"

"எனக்கு மாதிரி போதலையாம்."

"பேசாம நீங்களும் அந்தப் பெட்டிக்குள்ள போய் உக்காந்துக்குங்க. நாலாயிரத்துத் தொண்ணூத்தேழாவது தட்டு நான்தான்னு சொல்லுங்க. வயித்தைப் பார்த்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

இருவரும் சிரித்தார்கள். பிறகு மனைவி தாள்களை மடித்துக் கொடுத்தார். "இன்னும் எவ்வளவு நாள் இருக்கு?" என்று கேட்டார். "ரெண்டரை மாசம்" என்றார் அவர். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நிரந்தர ஊழியருக்கு ஆளுக்கு இத்தனை சதுர அடி இடம் ஒதுக்க வேண்டும் என்பது விதி. நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பேருக்கும் அளந்து ஒதுக்கியதில் மூன்று மாடிகள் போயின. அந்த அறைகளின் கதவுகளில் எண்பலகைகள் மாட்டப்பட்டன. உள்ளே ஒருவரும் இல்லாததால் அவை எப்போதும் துப்புரவாக இருந்தன. இதுவும் அவர்களுடைய பணிப்பதிவேட்டில் பாராட்டாகக் குறிக்கப்பட்டது. இரத்தமும் சதையுமான ஊழியர் நூற்றுப் பத்துப் பேரும் தரைத்தளத்துக்கு இறக்கப்பட்டார்கள்.

ஊழியர் எண்ணிக்கை ஒரே மாதத்தில் நாற்பது மடங்கு உயர்ந்ததை அறிந்த இயக்குநர், யார் இந்தப் புதியவர்கள் என்று நேரில் காண வந்தார். அவர் வருவதாக இருந்தால் இரண்டு பேர் முன்னால் நடந்து கதவுகளைத் திறப்பார்கள். பின்னால் இரண்டு பேர் நடந்து அவற்றை மூடுவார்கள். தட்டுக்காரரின் திரைமுன் நின்று இயக்குநர் நெடுநேரம் பார்த்தார்.

"இவங்களை யாரு இப்படித் திருப்பினது?"

"யாருமே திருப்பலைங்க ஐயா. இடத்தைக் குறைச்சேன். அதுவாவே திரும்பிடுச்சு."

"உத்தரவு போடலையா?"

"இல்லைங்க."

"சுற்றறிக்கை?"

"இல்லைங்க ஐயா."

இயக்குநர் கண்களை மூடினார். முப்பது ஆண்டுகளாகச் சுற்றறிக்கைகளில் வீணான தன் மையை நினைத்திருக்கலாம். மறுநாள் ஊழியர் அனைவரையும் தரைத்தளக் கூடத்தில் நிறுத்தி அவர் ஆற்றிய உரை இது:

"நண்பர்களே! ஒழுக்கம் என்பது போதனையால் வருவது என்று நினைத்திருந்தேன். தவறு. நான் உங்களுக்கு எத்தனையோ போதித்தேன், நீங்கள் தூங்கினீர்கள். நானும் என் உரைகளின்போது பல முறை தூங்கியிருக்கிறேன். நேற்று ஓர் உண்மை கண்டேன். மனிதர்களுக்கு லட்சியம் தேவையில்லை, தலைவன்கூடத் தேவையில்லை, நான் இருப்பது என் பணிவினால். தேவை ஒன்றே ஒன்று: இடநெருக்கடி. கையை நீட்ட முடியாதவன் கையை ஓங்க மாட்டான். திரும்ப முடியாதவன் எதிர்த்திசையில் பார்க்க மாட்டான். இதை அறிவியல் நிரூபித்துவிட்டது. அந்த அறிவியல் எனக்குப் புரியவில்லை. அதனால்தான் அதை மறுக்க முடியவில்லை. அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து பெரியவர் வருகிறார். அன்று நம் புதிய ஊழியர்கள் தூண்களாக நிற்பார்கள். நீங்களும் அவர்களைப் பின்பற்றுவீர்கள்."

அன்று பிற்பகலே தரைத்தளத்துச் சுவர்கள் உள்ளே நகரத் தொடங்கின. மரத்தடுப்புகளைத் தச்சர்கள் வாரத்துக்கு ஓர் அடி தள்ளினார்கள். முதல் வாரத்தில் மேசையின் இழுப்பறைகளைத் திறக்க முடியவில்லை. இரண்டாம் வாரத்தில் மேசைகள் அகற்றப்பட்டன. மூன்றாம் வாரத்தில் ஒருவர் தும்மினால் அடுத்தவர் 'மன்னிக்கணும்' என்று சொல்ல வேண்டியிருந்தது. தும்மியவருக்கு அதைச் சொல்லும் அளவுக்கு மூச்சு மிஞ்சவில்லை. நாற்காலிகளைத் திருப்ப வழியில்லாததால் அனைவரும் இயக்குநர் அறைக் கதவையே பார்த்து அமர்ந்திருந்தார்கள். நிர்வாக அதிகாரி ஒவ்வொரு தலையும் எந்தப் பக்கம் நோக்குகிறது என்று தினமும் அளந்து, ஊழியர் ஒழுங்கு எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதினார். அது பாயின்ட் ஒன்பது மூன்றைத் தொட்ட அன்று எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். கையை வாய்க்குக் கொண்டுபோக முடியாததால் ஒருவருக்கொருவர் ஊட்டிக்கொள்ள நேர்ந்தது. ஊழியரிடையே பாசம் பெருகிவிட்டதாக நிறுவனச் செய்திமடல் எழுதியது.

நூலகர் சற்றுப் பருமனானவர். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே அமர்த்தப்பட்ட அவரால் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எழ முடியவில்லை. உதவிக்குக் கூப்பிட்டார், எல்லாரும் கதவைப் பார்த்து அமர்ந்திருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்க இயலவில்லை. திங்கள்கிழமை காலை அவரைத் தச்சர்கள் எடுத்தார்கள். விடுமுறை நாள்களிலும் இருக்கையை விட்டு எழாமைக்காக அவருக்குப் பாராட்டிதழ் வழங்கப்பட்டது. வாங்கும் நிலையில் அவர் கைகள் இல்லை. மார்பில் குண்டூசியால் குத்தினார்கள்.

இதற்கிடையே பெட்டிக்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பெரியவர் வருவதற்குள் தூண் நிற்க வேண்டும் என்பதால், ஓர் ஆண்டில் குறைக்க வேண்டிய இடத்தை ஒரு மாதத்தில் குறைக்குமாறு இயக்குநர் ஆணையிட்டிருந்தார். "அவசரப்பட்டா சரியா வராதுங்க ஐயா" என்று தட்டுக்காரர் இருமுறை சொல்லிப் பார்த்தார். "அப்ப உங்க நிலைமாற்றமும் அவசரம் இல்லையே?" என்று இயக்குநர் ஒருமுறை கேட்டார். ஆணை நிறைவேறியது.

ஒரு காலையில் மூலை எண் பாயின்ட் ஏழு ஒன்று காட்டியது. மறுநாளும் அதுவே. அடுத்த வாரமும் அதுவே. தட்டுக்காரர் உள்ளே ஒவ்வொன்றாகப் பார்த்தார். எந்தத் தட்டாலும் நகர முடியவில்லை. நொடிக்கு ஐந்து லட்சம் கோரிக்கைகள். ஐந்து லட்சமும் தள்ளுபடி. ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் வயிற்றில் முட்டிக்கொண்டு, எல்லாம் பாதித் திருப்பத்தில் அப்படியே உறைந்து நின்றன. தூண் ஒன்றுகூட இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒழுங்குபோலத் தெரிந்தது. கிட்டப்போனால், அது கதவு திறக்காத பேருந்தில் நிற்கும் கூட்டம்.

இயக்குநரின் மேசையில் ஒரு சான்றிதழ் தயாராக இருந்தது. 'தட்டுகள் அனைத்தும் தூண்நிலை எய்தின' என்ற ஒரே வரி. அதன் பக்கத்தில் இன்னொரு தாள்: தட்டுக்காரரின் பணி நிரந்தர ஆணை. பத்தாம் ஆண்டு முடிய ஆறு நாள்கள் இருந்தன.

"இதுல நீங்க கையெழுத்துப் போடுங்க. அதுல நான் போடுறேன்" என்றார் இயக்குநர். "ரெண்டு பேனா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்."

"ஐயா, தூணே நிக்கலைங்க. சிக்கிக்கிச்சு."

"சிக்கினது நகருமா?"

"நகராதுங்க."

"தூண் நகருமா?"

"...நகராதுங்க."

"அப்புறம் என்ன வித்தியாசம்?"

வித்தியாசத்தைச் சொல்லத்தான் அவர் அறுபத்திரண்டு பக்கங்கள் எழுதியிருந்தார். ஒருநாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"போட்டா என்ன ஆகும்?" என்று மனைவி கேட்டார்.

"வேலை நிரந்தரம். ஆனா அப்புறம் யார் அதைப் படிச்சாலும், அவ்வளவு வேகமா அழுத்தினாலும் தூண் நிக்கும்னு நம்புவாங்க. தரைத்தளத்துல தடுப்பைத் தள்ளிக்கிட்டே இருப்பாங்க."

"போடலன்னா?"

"இங்க வந்து உனக்குப் பட்டன் தைக்கணும்."

"நீங்களா? நாலு ஓட்டைப் பட்டன்ல அஞ்சாவது ஓட்டையைத் தேடுற ஆளு!" என்றார் மனைவி. பிறகு கத்தரியைக் கீழே வைத்தார். "நின்னுச்சா, நிக்கலையா? அதை மட்டும் சொல்லுங்க."

"நிக்கல."

"அப்ப நிக்கலன்னு எழுதுங்க. பட்டன் தைக்க நான் சொல்லித்தரேன்."

தட்டுக்காரர் சான்றிதழில் இருந்த வரியை அடித்துவிட்டு, 'தட்டுகள் சிக்கிக்கொண்டன. அழுத்திய வேகமே காரணம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அடுத்த நாளே அவர்மீது விசாரணை தொடங்கியது. குற்றச்சாட்டு: நிரந்தர ஊழியர் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பேரை ஒரு தற்காலிக ஊழியர் கொடுமைப்படுத்தினார். நிர்வாக அதிகாரி விசாரித்தார். கோப்பம்மா குறிப்பெடுத்தார்.

"மேற்படி ஊழியர்களைப் பெட்டியில் அடைத்து வைத்தீரா?"

"அடைக்காம எப்படிங்க? அது அந்த மாதிரி..."

"ஆம் அல்லது இல்லை."

"ஆம்."

"எத்தனை நாள்?"

"ஒன்பது வருஷத்துக்கு மேல."

"வெளியேற முயன்றவர்களை மறுபுறச் சுவர் வழியாக உள்ளே தள்ளினீரா?"

"அது முறைங்க. எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க."

"எல்லாரும் செய்கிறார்கள் என்பது வாக்குமூலத்தில் பதிவாகட்டும். அழுத்தினீரா?"

"இயக்குநர் ஐயா அழுத்தச் சொன்னாங்க."

"இயக்குநர் ஒழுங்கை விரும்பினார். அழுத்தியது உம் விரல். அவர்கள் துன்புற்றதைக் கண்ணால் கண்டீரா?"

"சிக்கினதைப் பார்த்தேன். அதுங்களுக்குத் துன்பமே கிடையாதுங்க! அது வெறும் எண்ணுங்க!"

"ஊழியர்கள் வெறும் எண்கள் என்கிறீர்." நிர்வாக அதிகாரியின் குரல் தழுதழுத்தது. "முப்பது ஆண்டுப் பணியில் நான் இவ்வளவு ஈரமற்ற சொல்லைக் கேட்டதில்லை. நாங்களும் அப்படித்தான் கருதுகிறோம். ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை."

அப்போது கோப்பம்மாவின் பேனா நின்றது. அவர் எழுந்தார்.

"ஐயா, ஒரு வார்த்தை. தப்பு என்னோடதுங்க. ரெண்டு தாள் ஒரே உறையில வந்துச்சு. தலைப்பைப் பார்த்துட்டு நான்தான் மாத்திப் போட்டுட்டேன். உள்ள படிக்கல."

"படிப்பது உமது பணிவரையறையில் இருக்கிறதா?"

"இல்லைங்க."

"இல்லாத கடமையில் எவரும் தவற முடியாது. எனவே தவறு நிகழவில்லை. நிகழாத தவற்றை ஒப்புக்கொள்வது விசாரணையைத் தடுப்பதாகும். உட்காரும்."

கோப்பம்மா உட்காரவில்லை. அவரை உட்கார்த்தினார்கள். பத்தாம் ஆண்டு முடிய மூன்று நாள் இருக்கும்போதே தட்டுக்காரர் வெளியேற்றப்பட்டார். அவர் கணினி ஊழியர் குடியிருப்பு என்று அறிவிக்கப்பட்டு, அறை பூட்டப்பட்டது. ஒன்பது ஆண்டு உழைப்பை ஒரு முறை திரும்பிப் பார்க்கக்கூட அவரை விடவில்லை. அந்நியர் ஒருவர் குடியிருப்புக்குள் எட்டிப் பார்ப்பது ஒழுங்கீனம் என்றார் காவலர். நேற்றுவரை வணக்கம் சொன்ன அதே காவலர்தான்.

குறித்த நாளில் மேலிடத்துப் பெரியவர் வந்தார். தட்டுகள் ஓய்வில் இருப்பதாகச் சொல்லி, அவருக்குத் தரைத்தளத்தைக் காட்டினார்கள். அங்கே நூற்றுப் பத்துப் பேரும் ஒருவர் தோள்மேல் ஒருவராகத் தூண் தூணாக நின்றிருந்தார்கள். "எப்படிச் சாதிச்சீங்க?" என்று பெரியவர் வியந்தார். "அவர்களாகவே நின்றார்கள்" என்றார் இயக்குநர். அடித்தட்டில் இருந்தவர்கள் மறுக்கவில்லை. பெரியவர் தம் அலுவலகத்திலும் செய்துபார்க்கக் கூடத்தின் அளவைக் குறித்துக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்து, ஒரு முற்பகல் வேளையில், தையல்கடைக்குக் கோப்பம்மா வந்தார். வலது கட்டைவிரலிலும் ஆட்காட்டிவிரலிலும் துணிக்கட்டு. தோளில் ஒரு பெரிய பை. தட்டுக்காரர் ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறையாக அதே பொத்தானை.

"உள்ள வாங்கம்மா" என்றார் மனைவி. குரலில் அழைப்பு இருந்தது, முகத்தில் இல்லை. "இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா எங்ககிட்டேருந்து எடுத்துக்க?"

"எடுக்க வரலம்மா. குடுக்க வந்தேன்."

அவர் பையிலிருந்து கைக்கடக்கமான ஒரு கருப்புப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். கணினியின் நினைவகம், ஒன்பது ஆண்டுகளின் ஒவ்வொரு நாளும் அதில் இருந்தது. தட்டுக்காரரின் கையிலிருந்து ஊசி நழுவியது.

"எப்படிம்மா வெளிய விட்டாங்க?"

"நான் திருடிட்டு வரல சார். முறைப்படி எல்லாரையும் இடமாற்றம் பண்ணிட்டேன். இந்தத் தையல்கடைக்கு."

"யாரு கையெழுத்துப் போட்டா?"

"இயக்குநர்தான். மொத்தமா ஒரே ஆணையா வச்சா யாராவது நின்னு படிப்பாங்க. ஒத்தைத் தாளா வச்சா அவர் கை அதுபாட்டுக்கு ஓடும். அதனால ஆளுக்கு ஒண்ணுன்னு நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு ஆணை. தினம் இருநூறு. அச்சடிச்சா பிரிவுல கேள்வி வரும்னு கையாலயே எழுதினேன்." கட்டுப் போட்ட விரல்களை அவர் மடிக்க முயன்றார், மடங்கவில்லை. "நேத்தோட முடிஞ்சது. இன்னைக்குக் காலையில அவங்களை விடுவிச்சிட்டு, நானும் என்னை விடுவிச்சுக்கிட்டேன். அந்த ஆணையிலயும் அவர் படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டாரு."

மனைவி எழுந்துபோய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். கோப்பம்மா உட்காரவில்லை.

"உங்க வேலையை என்னால திருப்பித் தர முடியாது சார். மூணு மாடி காலியாத்தான் இருக்கு. ஆனா உங்களைக் கூப்பிட மாட்டாங்க."

"இது போதும்மா" என்றார் தட்டுக்காரர். கருப்புப் பெட்டியைத் தொட்டார், தூக்கவில்லை. "சிக்கினதுக்கு முந்தின நிலை இதுல இருக்கும். அங்கேருந்து மெதுவா, முறையா அழுத்தினா தூண் நிக்குதா இல்லையான்னு பார்த்துடலாம். ரெண்டு வருஷம் ஆகும்."

"இன்னொண்ணும் இருக்கு."

கோப்பம்மா பையின் அடியிலிருந்து அறுபத்திரண்டு பக்க அறிக்கையை எடுத்தார். ஓரமெல்லாம் முத்திரை, உள்ளே ஒரு மடிப்புக்கூட இல்லை. எத்தனையோ மேசைகளைக் கடந்துவந்தும் யாரும் அதைத் திறக்கவில்லை.

"இதைப் படிக்கணும் நான். உங்க முன்னாடி. முழுசும். இன்னைக்கு முடியலன்னா நாளைக்கு வருவேன், மறுநாளும் வருவேன். வேணாம்னு மட்டும் சொல்லாதீங்க."

தட்டுக்காரர் மடியிலிருந்த சட்டையை எடுத்து ஓரமாக வைத்தார். மனைவி தையல் இயந்திரத்தின் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தார். கோப்பம்மா முக்காலியில் அமர்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கட்டுப் போட்ட விரலைத் தலைப்பின்மேல் வைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப்போல உரக்க வாசித்தார். விரல் ஒரு வரி கீழே இறங்கியது.

"'இவ்வறிக்கையில் குறிப்பிடப்படும் தட்டுகள் மெய்யானவை அல்ல.'"

அவர் நிறுத்தினார். தெருவில் ஒரு வண்டி போய் முடியும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது வரியிலயே இருக்கு சார்."

"ஆமாம்மா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மூன்றாவது வரியை வாசித்தார்.